கவெட் என்றால் கொவிட் அல்ல

கொழும்பு காலி வீதியில் புதிதாக எழும்பும் மாடிக் கட்டடத்துக்கு முன்னால் பெரிய விளம்பரம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் எல்லாரும் 'கவெட்' பண்ணும் முகவரியாம். இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபடி அதை வாசித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. உன்னுடைய சொல்லை வீடு விற்கிறவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

நாம் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேசை. பின்னேர ஆங்கில வகுப்பில் புதுச் சொல் ஒன்று அகப்பட்டால், அது தேயும்வரை நீ விடமாட்டாய். பிறரிடம் இருப்பது நமக்கும் வேண்டுமென்று ஏங்குவதுதான் கவெட் என்று தெரிந்த நாளிலிருந்து என் சேலை, என் மாங்காய்ச் சம்பல், பஸ்ஸில் எனக்குக் கிடைத்த யன்னல் ஓரம் என்று ஒன்றையும் நீ கவெட் பண்ணாமல் விட்டுவைக்கவில்லை. கொட்டாஞ்சேனைக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பில் பாவமென்று படித்த ஆசைக்கு இங்கிலீசில் இவ்வளவு வடிவான பெயரா என்று அதிசயப்பட்டாய்.

பிறகு என் மகன் பிறந்தான். உனக்குக் கலியாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. மாமி, என் கணவரின் அம்மா, அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையில்லாதவளின் கண் பொல்லாதது, நாவூறு பட்டுவிடும், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றார். நான் கூப்பிட்டேன். என் சிநேகிதி வராத வீட்டில் எனக்கென்ன கொண்டாட்டம்?

நீ வந்தாய். தொட்டிலை எட்டிப் பார்த்ததும் உன் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்து, "ஐ கவெட் ஹிம்" என்றாய், மெல்லமாய். ஊரே முகக்கவசத்தோடு திரிந்த காலம் அது. "கொவிட்டோ?" என்ற மாமி, பிள்ளையை வாரிக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டார். நாவூறுக்குப் பயந்திருந்தவருக்குக் கிருமியே வந்து வாசலில் நின்றது!

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாய்:

"அன்ரி, எனக்குக் காய்ச்சல் வருத்தம் ஒண்டும் இல்லை. பிள்ளையில ஆசையா இருக்கெண்டுதான் சொன்னனான். இவளிட்ட இருக்கக் கூடாது எண்டு இல்லை. இவளிட்ட இருக்கட்டும், எனக்கும் வேணும்."

பிறகு கதவு திறந்தது. ஆசையை மனதுக்குள் பூட்டி வைக்கிறவளின் கண்தான் படும், வாய்விட்டுச் சொல்லுகிறவளின் கண் படாது என்று மாமிக்கு ஒரு நியாயம் தோன்றியிருக்க வேண்டும். "கையைக் கழுவிப்போட்டு வாரும் பிள்ளை" என்றார். அன்று முழுதும் மகன் உன் மடியில்தான் கிடந்தான்.

அவனுக்குச் சோறு தீத்தியதும் நீ, நடை பழக்கியதும் நீ. உன்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டான். போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனபோது, பெட்டிக்கு முன்னால் என்னிலும் சத்தமாக அழுதவர் மாமி.

உன் ஆசையை நீ ஒளிக்கவில்லை. அதனால் என் சந்தோசத்தை நானும் உன்னிடம் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. இப்படியொரு சிநேகிதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்த்தாய். அந்த நன்றி என் மனதில் நிறைய இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் கடற்கரையில் இரண்டு பெண்கள் ஒரே குடைக்குள் கச்சான் கொறித்தபடி, எதையோ கதைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நின்று பார்த்தேன். அவர்களிடம் இருக்கட்டும். எனக்கும் வேணும்.