புதுக் கதவும் விளக்குப் பொடியும்

செப்டம்பர் 9, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. பட்டறையிலிருந்து கொண்டுவந்து, வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போனார்கள். எங்கள் குட்டியானை லோடு வண்டிதான். ஆனால் இடது கதவு மட்டும் புதுசு, பளபளவென்று நீலம். மற்ற இடமெல்லாம் அவனியாபுரத்து வெயிலில் வெளுத்துப்போன நீலம். பழைய சேலைக்குப் புது ஜாக்கெட் போட்ட மாதிரி நிற்கிறது.

"வந்துருச்சுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். வாசல் வரைகூட வரவில்லை.

ஆடிக் கடைசியிலிருந்து இந்த "ம்"தான். திருமங்கலத்துக்கு முன்னால், குறுக்கே ஓடிவந்த கன்றுக்குட்டிக்காக ஒடித்துத் திருப்பி, ரோட்டோரப் பனைமரத்தில் மோதினார். கன்றுக்குட்டிக்கும் ஒன்றுமில்லை, அவருக்கும் சிராய்ப்புதான். அடியையெல்லாம் வண்டி வாங்கிக்கொண்டது. அதற்காகவே தினமும் சோணைசாமியைக் கும்பிடுகிறேன். வண்டியையும் சேர்த்துத்தான். ஆனால் மனுஷனுக்குள் என்னவோ உடைந்துவிட்டது. "ஸ்டியரிங்கப் பிடிச்சு உக்காந்தாலே காலு வெடவெடங்குது மீனா. வித்துருவோம்" என்று ஒருநாள் சொன்னதுதான் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பழைய வண்டி வாங்கி விற்கும் ராஜபாண்டி, ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். விற்றுவிட்டு இவர் ஏதோ குடோனுக்கு வாட்ச்மேனாகப் போகப் போகிறாராம்.

வண்டி போனால் போகட்டும். இவரே போய்விடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. தெருமுனையில் திரும்பும்போதே ஹாரனை அமுக்கி, "ஏ மீனா, தண்ணி கொண்டாடி!" என்று ஊரையே கூட்டுகிற ஆள். எத்தனை நாள் அந்தக் கத்தலுக்கு நான் எரிந்து விழுந்திருக்கிறேன்! இப்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். குடோன் கேட்டுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் அப்புறம் இந்த மனுஷன் திரும்பி வருவாரா? எனக்கு அந்தக் கத்தல் வேணும். வேற ஒண்ணும் வேணாம்.

செப்டம்பர் 13, சனி

விற்கிற வண்டி என்றாலும் இப்படிப் புழுதியோடவா நிற்கும்? நாளை நானே கழுவப் போகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அழுகையும்தான்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா போர் மோட்டாரைப் போட்டு, மாடியிலிருந்து ஹோஸையும் இறக்கிவிட்டார். "எம்புட்டு வேணுமோ ஊத்திக்க" என்றார். புழுதி போய்விட்டது. ஆனால் புதுக் கதவுக்குப் பக்கத்தில் முன்பக்கம் இன்னும் சோகையாகத்தான் தெரிந்தது. மங்கினதைப் பளபளப்பாக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். உள்ளே போய்க் குத்துவிளக்குத் தேய்க்கும் பொடியை எடுத்துவந்தேன். கொஞ்சம் புளியும் சேர்த்து, தேங்காய் நாரால் கண்ணாடிக்குக் கீழே அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன். நம் வீட்டு விளக்கு எப்படி மின்னும்! அதே கைதானே?

"அடியே! அடியே மீனா! அது பெயிண்டுடி! குத்துவிளக்கு இல்லடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். நாரைப் பிடுங்கி எறிந்தார். "அறிவிருக்கா? நாரப் போட்டு யாராச்சும் வண்டியத் தேப்பாகளா? புளி வேறயா... புளி! ரசம் வைக்கப் போறியா?" தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். தட்டளவுக்கு வெள்ளை வெள்ளையாகக் கீறல். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாய் மட்டும் நிற்கவில்லை, திட்டிக்கொண்டே இருந்தார்.

திட்டட்டும். தாலி கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் திட்டி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெயக்கொடி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "வேணும்னுதானடி தேச்ச?" என்கிறார். அம்புட்டு அறிவு இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்! சத்தியமாகத் தெரியாமல்தான் தேய்த்தேன்.

அவர் காலையிலேயே டவுனுக்குப் போய், கீறல் எடுக்கிற காம்பவுண்டு, பாலிஷ், வேக்ஸ் என்று மூன்று டப்பா வாங்கி வந்துவிட்டார். "ஒரு இடத்த மட்டும் போட்டா அசிங்கமா இருக்கும். முழுசாப் போட்டுத்தான் ஆகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏதோ நான் மறுத்த மாதிரி.

செப்டம்பர் 17, புதன்

காம்பவுண்டு வேலை. என் பழைய நைட்டியும் அவர் பனியன்களும் துணியாகிவிட்டன. கையைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டுமாம். "வாசலுக்குக் கோலம் போடுற மாதிரி இழுக்காத. சுத்து." சுற்றினேன். வெளுத்த தோல் உரிந்து, உள்ளேயிருந்து பழைய நீலம் வந்தது. இத்தனை வருஷம் இது உள்ளேயேதான் இருந்ததா? தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். இந்த வண்டி அன்றைக்கு நசுங்காமல் இருந்திருந்தால் அவர் நசுங்கியிருப்பார்.

ராத்திரி தட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

செப்டம்பர் 20, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று வேக்ஸ். டப்பாவைத் திறந்தவர் வானத்தைப் பார்த்தார். "வெயில்ல போட்டா திட்டுத் திட்டாப் பிடிச்சுக்கும். நெழல்லதான் போடணும். அந்த வாளிய எடு" என்றார். எடுத்தேன். கதவைத் திறந்தார், ஏறினார், சாவியைத் திருகினார், ரிவர்ஸ் எடுத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி, துணியை உதறி, வேக்ஸை ஒத்த ஆரம்பித்துவிட்டார்.

நான் வாளியோடு நின்ற இடத்திலேயே நிற்கிறேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "ஏ, தம்பி வண்டிய..." என்று ஆரம்பித்தார். வாயில் விரலை வைத்துக் கெஞ்சினேன். சட்டென்று குனிந்து மறைந்துகொண்டார். மகராசி.

மத்தியானம் நிழல் நகர்ந்தது. "ப்ச்" என்று மறுபடியும் ஏறினார். முன்னால் எடுத்து, ஒடித்து, பின்னால் தள்ளி நிறுத்தினார். அப்புறம் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனா. காலு நடுங்கலடி."

"ஒங்க காலு கெடக்கட்டுங்க. எனக்குத்தான் நடுங்குது" என்றேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ராஜபாண்டி வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எது புதுக் கதவு என்றே கண்டுபிடிக்க முடியவில்லை அவரால். "என்னண்ணே, ஷோரூம்ல இருந்து எறக்குன மாதிரி வச்சிருக்கீக!"

பிறகு கண்ணாடிக்குக் கீழே குனிந்தார். "இது என்னண்ணே, பூனை பிராண்டுன மாதிரி?" எவ்வளவு காம்பவுண்டு போட்டும் நார் கீறல் முழுசாகப் போகவில்லை. எனக்கு மானம் போயிற்று.

இவர் துணியை எடுத்து அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தார். "அது திருஷ்டிப் பொட்டு மாப்ள. எம் பொண்டாட்டி வச்சது."

"அதுக்கென்ன, பெயிண்ட் அடிச்சுக்கலாம். எப்பண்ணே எடுத்துக்கட்டும்?"

"பொட்டு வச்ச பிள்ளைய யாராச்சும் விப்பாகளா? கோவிச்சுக்காத. நீ வேற வண்டி பாரு."

ராஜபாண்டி சிரித்துவிட்டார். "சரிண்ணே. பூசைக்குப் பொரி கடலை திங்க வாரேன்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கும் சத்தம் கேட்டது. பொட்டு இருக்கும் இடத்தில் குங்குமம் வைக்கப் போனேன். "அங்க வேணாம், ஏற்கெனவே இருக்கு" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

விடியற்காலையிலேயே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காலி மனையில் வண்டி நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது. கிளம்புமுன் கழுவியிருக்கிறார்.

நாளை வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று விளக்குத் தேய்க்கப் பொடியைத் தேடினால் டப்பாவையே காணோம். அடுப்படி, பூஜை அலமாரி, எங்குமே இல்லை. போன் போட்டேன்.

"எங்கிட்டதான் இருக்கு. வண்டில வச்சிருக்கேன்."

"அங்க எதுக்குங்க அது?"

"வீட்டுல விட்டுட்டு வந்தா நீ மறுபடியும் எதையாச்சும் தேச்சுப்புடுவ" என்றார். பின்னால் யாரோ டீ ஆற்றும் சத்தம். அப்புறம், ஒன்றுமே இல்லாத மாதிரி, "திருமங்கலம் தாண்டி நிப்பாட்டியிருக்கேன். பொழுதுசாய வாரேன். தண்ணி எடுத்து வை" என்றார்.

விளக்கை வெறும் புளி போட்டே தேய்த்துக்கொள்கிறேன்.