நிக்காஹ்வுக்கு முன் ஒரு பறப்பு

சாய்ந்தமருது
12.03.2007

அன்பு மகள் அம்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம். சுனாமியில் உம்மாவைக் கடல் கொண்டுபோன இடத்தில் வீடு கட்ட விடவில்லை. வயல் பக்கம் காணி தந்தார்கள், கூரையும் போட்டாயிற்று. அரிசி ஆலையும் ஓடத் தொடங்கிவிட்டது.

நிந்தவூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை டொக்டர். "புள்ளைக்கு ஜேர்மனில என்ன வேல?" என்று தாய் கேட்டா. சின்ன விமானத்துக்கு ஐதரசனில் ஓடும் மோட்டார் செய்கிறாள் என்றேன். "வெடிக்கிற சாமானே அது!" என்று எழும்பிவிட்டா. அந்தப் பயம் எனக்கும் உண்டு. படிப்புத்தான் முடிந்ததே, வந்துவிடு மகள்.

துஆவுடன்,
வாப்பா கச்சிமுகம்மது

ஸ்டுட்கார்ட்
02.04.2007

அன்புள்ள வாப்பா,

வஅலைக்கும் ஸலாம். பயப்படாதீர்கள். நாங்கள் ஐதரசனை எரிப்பதில்லை. எரிபொருள் கலம் என்ற பெட்டிக்குள் அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது மின்சாரம் பிறக்கும். அதில் மோட்டார் சுற்றும். வெளியே போவது வெறும் நீராவி.

இப்போதைக்கு மோட்டார் சில நிமிடங்களில் களைத்துவிடுகிறது. பற்றரியைக் கூட்டச் சொல்கிறார் மேலதிகாரி. கூட்டினால் பாரம் ஏறி, இரண்டாவது ஆளைத் தூக்காது. சூட்டில் கலங்கள் காய்ந்துபோகின்றன என்பது என் வாதம். நிரூபிக்காவிட்டால் வேலையையே மூடிவிடுவார்கள். நான் நிரூபிப்பேன்.

நிந்தவூர்க்காரரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள். இது பறக்காமல் நான் வரமாட்டேன்.

உங்கள் அம்ஹா

சாய்ந்தமருது
20.05.2007

அன்பு மகளுக்கு,

ஸலாம். சொல்லிவிட்டேன். மனவருத்தப்பட்டார்கள், போகட்டும்.

இனி என் கதை. வரிப்பத்தான்சேனையிலிருந்து ஆலைக்கு நெல் கொண்டுவருகிறா பாத்தும்மா. கணவர் மவுத்தாகி நாளாயிற்று. முதல் நாளே, "ஈரம் எண்டு சொல்லி என்ட நெல்லு நிறையில கை வைக்காதீங்க" என்று சண்டை பிடித்தா. உம்மா போன பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிக்காஹ் செய்யலாமா என்று யோசிக்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன்.

வாப்பா

ஸ்டுட்கார்ட்
15.01.2008

அன்புள்ள வாப்பா,

ஸலாம். கலங்களுக்குப் போகும் காற்றை ஈரமாக்கினோம். மோட்டார் முழு வேகத்தில் ஓடியது, களைக்கவேயில்லை. மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி விமானத்தில் பூட்ட வேண்டும்.

இங்கே பனி. வேறு விசேஷம் இல்லை. சொந்தக்காரர் யாரிடமாவது உம்மாவின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

அம்ஹா

சாய்ந்தமருது
24.05.2009

அன்பு மகளுக்கு,

ஸலாம். யுத்தம் முடிந்துவிட்டது. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். காரைதீவிலிருந்து நெல் கொண்டுவரும் நல்லரெத்தினம் அன்று ஆலைக்கு வரவில்லை. அவர் மகன் வன்னியில் இருந்தான், இன்னும் தகவல் இல்லை. வீட்டுக்குப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்.

போன கிழமை பாத்தும்மா கேட்டா, "மகள்ட பதில் இன்னும் வரல்லயா?"

"வரும்" என்றேன்.

"ஓம், அப்ப காத்திருக்கிறன்" என்றா.

அவ்வளவுதான் கதைத்தோம். உன்னைக் குறை சொல்லவில்லை மகள். உன் விமானம் என்னாயிற்று?

வாப்பா

ஸ்டுட்கார்ட்
18.07.2009

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். பறந்துவிட்டோம்!

விமானி முன்னால், நான் பின் இருக்கையில். பிஸ்மில்லாஹ் சொன்னேன். சக்கரம் தரையை விட்டதும் என் கண் மின் அளவுமானியை விட்டு அசையவில்லை. முள் இறங்கவேயில்லை, வாப்பா. மேலே போன பிறகுதான் வெளியே பார்த்தேன். விமானி பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இறங்கியதும் முதலில் உங்களிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் நீங்கள் கேட்ட அந்தப் பதிலையும் சொல்ல வேண்டும் என்று கை நின்றது. உம்மா இருந்த இடத்தில் இன்னொருவரை நினைக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அந்தக் காலமெல்லாம் நீங்கள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது, ஊருக்கு ஊர் ஆட்களை ஏற்றிப் போகும் பெரிய விமானம். அந்த வேலைக்கு என்னைத்தான் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கும் முன் ஒரு மாத லீவில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நோன்புக்கு முன்னமே நிக்காஹ்வை வையுங்கள்.

அவவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். சின்னம்மா முறைக்குச் சாச்சி என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பாவா?

உங்கள் மகள்,
அம்ஹா