ஊர் கேட்காத தொலைபேசி

நேற்று வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற அம்மா முகம் துடைக்க லேஞ்சியை எடுத்தார். ஓடிக்கொலோன் வாசம். உடனே, என் சிநேகிதியே, நீர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர். சனிக்கிழமைப் பின்னேரங்களில், கதிரையில் இருக்க முன்னரே லேஞ்சியில் ஓடிக்கொலோனைத் தெளித்து, அந்தப் பழைய டெலிபோன் ரிசீவரைத் தேய்தேய் என்று தேய்ப்பீரே, அதே வாசம். "எத்தினை பேற்றை கண்ணீர் பட்ட சாமான், துடைச்சுப்போட்டுத்தான் கதைக்க வேணும்" என்பீர். கண்ணீர் அந்தப் பக்கத்து ரிசீவரில் அல்லவா பட்டிருக்கும் என்று நான் கேட்டால் முறைப்பீர்.

மனம் உடைந்தவர்கள் அழைத்துக் கதைக்க ஒரு தொலைபேசி இலக்கம் கொழும்பில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் நீர்தான். அதில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை. குண்டும் செக்பொயின்ருமாக இருந்த அந்தப் போர் வருஷங்களில் அந்தத் தொலைபேசி யாருக்கு எல்லாரையும் விட அதிகம் தேவையோ அவர்களோடு மட்டும் அது பேசவில்லை. "தமிழருக்கு மனம் உடையாதெண்டு நினைச்சினமோ?" என்று பொறுப்பாளரிடமே போய்ச் சண்டை பிடித்தீர். அவர் நல்ல மனிதர். சனிக்கிழமைப் பின்னேரத்தை உம்மிடம் தந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு தொலைபேசி, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரைக்கு ஆள் வேண்டும் என்று, ஒபிஸில் பக்கத்து மேசைக்காரியான என்னை இழுத்துக்கொண்டு போனீர். "கதைக்கிறதுக்கும் ஒரு ஒபிஸா?" என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் வந்தேன். நீர் கூப்பிட்டால் வராமல் இருக்க யாரால் முடிந்தது?

உம்மைப் போலக் கதைக்க யாராலும் முடியாது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் எதிர்ப்பட்டால் போதும், "ஊரில எவடம்? ஆற்றை மகள்?" என்று இரண்டே கேள்வியில் உறவு பிடித்துவிடுவீர். ஒரு இரகசியம் உம்மிடம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்காது என்று ஒபிஸே சிரிக்கும்.

அந்தக் குணம்தான் ஒரு சனிக்கிழமை உமக்கு வினையாக வந்தது. அழைத்தது ஒரு இளம் பெண். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தனியாக இருந்தாள். ஆமியும் பொலிஸும் செய்த சுற்றிவளைப்பில் கணவனைக் கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது. காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமியூனிகேஷன் கடைக் கூண்டுக்குள் நின்று பேசினாள். இனி நான் இருந்து என்ன என்று அவள் சொன்னதும் உமக்கு நெஞ்சு உருகிவிட்டது. வாய் தானாகத் திறந்தது. "அழாதேங்கோ பிள்ளை. ஊரில எவடம்?"

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

பெயர் கேட்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் நடந்த பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். ஊரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு அது அன்பு. சொந்தம் என்று கையைப் பிடிப்பது போல. ஆனால் அந்தக் கொழும்பில் அதே கேள்வியைத் துவக்கோடு நின்றவர்களும் கேட்டார்கள். செக்பொயின்ரில், லொட்ஜ் வாசலில், பஸ்ஸை மறித்து. அவளுடைய கணவனையும் அதைக் கேட்டுத்தான் கொண்டு போயிருப்பார்கள். "நானும் அதைத்தானே கேட்டுப்போட்டன்" என்று நீர் ரிசீவரைப் பார்த்தபடியே இருந்தீர். அவள் இன்னொரு தரம் எடுப்பாளா, எடுக்க உயிரோடு இருப்பாளா என்பதுதான் நம் இருவருக்கும் பயம். அந்தக் கிழமை முழுக்க உமக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு ஒருவர் என்றால் அழுதுவிட்டு இருந்திருப்பார். நீர் தடித்த மட்டைகளை வெட்டி, உம்முடைய வடிவான கையெழுத்தில் எழுதினீர்: "மனம் தாங்காவிட்டால் கதையுங்கள். பெயர் கேட்கமாட்டோம். ஊர் கேட்கமாட்டோம்." கீழே இலக்கமும், சனிக்கிழமைப் பின்னேரம் என்பதும். வேலை முடிந்ததும் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் இருந்த கொமியூனிகேஷன் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஒரு முஸ்லிம் கடைக்காரர் தயங்கினார்.

"மிஸ், இதை ஒட்டினா பொலிஸ் வந்து என்னையல்லவா கேக்கும்?"

"கேட்டா என்னட்ட அனுப்புங்கோ. நான் வேலை செய்யிற இடத்தைச் சொல்லிவிடுங்கோ."

அவர் மட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கூண்டுக்குள்ளே, ரிசீவரைக் காதில் வைப்பவர் கண்ணுக்கு நேராக, தானே ஒட்டிவிட்டு வந்தார். "இஞ்ச எண்டா பேசுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். மற்றக் கடைகளிலும் அப்படியே ஒட்டச் சொன்னோம்.

சனிக்கிழமை வந்தது. முதலில் ஒருவர் கல்யாண மண்டபம் என்று நினைத்து எடுத்தார். அவரையும் நீர் வாழ்த்தித்தான் வைத்தீர். அடுத்த அழைப்பில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது என்று கையால் காட்டினீர். நீர் மெதுவாகக் கேட்டீர்: "சாப்பிட்டாச்சோ பிள்ளை?"

இல்லை என்றாளாம், அதே பெண்தான். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள்தான் கதைத்தாள். உம் வாயில் "ம்" என்ற ஒரு எழுத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. உம்மை அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க அன்றைக்குத்தான் கண்டேன்.

கதைத்தால் மட்டும் போதாது, டொக்டரும் பார்க்க வேண்டும் என்பதும் உமக்கு விளங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் கிளினிக்குக்குக் காசு தேவை இல்லை. ஆனால் அங்கே தமிழும் இல்லை. அழைப்பவர்களை வெளியே சந்திக்கக் கூடாது என்பது நம் சட்டம். அதற்கும் பொறுப்பாளரோடு ஒரு சண்டை, அவளிடம் விருப்பம் கேட்டு, பிறகு ஒபிஸில் அரை நாள் லீவு. நடுவில் இருந்து அவளுடைய தமிழைச் சிங்களமாக்கிக் கொடுத்தீர். அவள் அழுதபோது அந்தச் சிங்கள டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்ததைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தீர். அவளுக்குப் பிறகு எத்தனை பேரை அந்தக் கிளினிக்கின் மர வாங்கில் கொண்டுபோய் இருத்தினீர்! அவள் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எடுத்து, "அக்கா, சாப்பிட்டன்" என்று சொல்லிவிட்டு வைப்பாள். கடைசியாக வெளிநாட்டுக்குப் பிளேன் ஏறுகிற கிழமையும் எடுத்தாள். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கிளினிக் அன்று பின்னேரம் நீர் திரும்பி வந்ததை எழுத வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு.

"பஸ்ஸுக்கு நிக்கேக்கை அவவா ஊரைச் சொன்னவ. நான் கேக்கேல்லை."

"எவடமாம்?" என்றேன் நான்.

"அது உமக்கெதுக்கு?"

அன்றிலிருந்து உம்முடைய கடைசி ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் நானும் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். யாருடைய மகள் என்று அறிய உம்முடைய நாக்கு எவ்வளவு துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் கேட்கவும் இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. இப்போது சனிக்கிழமைகளில் புதிதாக வரும் பிள்ளைகளை நான்தான் பழக்குகிறேன். அந்தப் பெண் எந்த ஊர் மிஸ் என்று அவர்களும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?