தானாக நகர்ந்த அம்பு

புதன் இரவு.

எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அம்பு தானாக நகர்ந்தால், சேலத்திலிருந்தபடியே முதலாளி இயக்குகிறார் என்று நாங்கள் கையை எடுத்துவிடுவோம். இன்றும் நகர்ந்தது. கணக்கு எழுதும் ரைட்டர் மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டார். முதலாளியோ வெளியே களத்தில் காப்பிக்கொட்டையை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? கூலியாட்களின் ஆதார், பாஸ்புக் நகல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் இணைய வயரைப் பிடுங்கினேன்.

"என்ன கண்ணு இப்படிப் பண்ணிப்போட்ட? வயரை மாட்டு, சாமி!" என்று ரைட்டர் பதறினார்.

"முதலாளி அங்கிருந்தே இயக்குற அந்த சாப்ட்வேர்ல ஓட்டை இருக்குது, அப்டேட் பண்ணோணும்னு போன மாசமே சொன்னேனுங்க."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "வயரை மாட்டு. வேலை வேணுமா, வேண்டாமா?"

வயரைக் கையில் சுருட்டிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "வேணுங்க. எங்கம்மா பாஸ்புக்கும் அதுலதானுங்க இருக்குது."

வயரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஓட்டையை அடைக்கிற ஆளோடு முதலாளி வந்து கேட்கட்டும், தருகிறேன்.