அம்மா வாசித்த பக்கம்

என் சுகந்தி அக்காவுக்கு,

உங்கள் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். வவுனியா முகாமிலிருந்து விட்டதும் கண்டிக்குக் கூட்டி வந்தேன். நாம் இருவரும் இருந்த அதே வாடகை அறை. உங்கள் கட்டிலில்தான் படுக்கிறார்.

நாம் தொடங்கிய வேலையும் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கருவிகள் எங்கே இருக்கின்றன, ஓடுகின்றனவா என்று கணினியில் காட்டும் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். பழுதை நேர்ஸ்மார் பதிவதில்லை என்றுதான் எல்லோரும் குறை சொன்னார்கள். ஓடாத ஒட்சிசன் இயந்திரம் ஒன்றை அந்தப் பக்கம் நல்லதென்று காட்ட, அதை நம்பி நேர்ஸ் ஒருவர் கொண்டுபோய்ப் பொருத்த, வேறொன்று வரும்வரை ஒரு முதியவர் மூச்சுக்குத் தவித்தாரே, அதன் பிறகு நீங்கள் நோயாளர் வாட்டுக்கே போய் நேர்ஸ்மாருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தீர்கள்.

"நேர்ஸ்மாரில பிழை இல்லை, செல்வி. எங்கட பக்கம்தான் பிழை" என்றீர்கள் திரும்பி வந்து. கருவிகளுக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். ஒரு பழுதைப் பதியத் திரைக்கு மேல் திரை திறக்க வேண்டும். நோயாளி அழைக்கும்போது யாருக்கு அதற்கு நேரம்?

எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகச் செய்தீர்கள். வாட்டின் பெயரை அழுத்தினால் அங்கிருக்கும் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பழுதைப் பதிய ஒரு பொத்தான். மூன்று மொழியிலும்.

"சிங்களமும் இங்கிலீசும் போதும். யுத்தம் நடக்கிற இந்த நேரத்துல தமிழ் எதுக்கு?" என்றார் நம் கம்பனி முதலாளி.

"வாட்டில தமிழ்ப் பிள்ளையளும் வேலை செய்யினம், சேர்."

தமிழும் இருக்கட்டும் என்றுவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் அம்மாவுக்குச் சுகமில்லை என்று கிளிநொச்சியிலிருந்து செய்தி வந்தது. "சண்டையால வன்னிப் பாதை பூட்டப் போகுதாம். கூட்டிக்கொண்டு வாறன்" என்று பையை எடுத்தீர்கள்.

"போகாதீங்க அக்கா. யாரையாவது அனுப்பலாம்."

"ஆரை அனுப்பிறது?"

உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பாதையைப் பூட்டினார்கள். உங்கள் தொலைபேசி அழைப்புகளும் நின்றன. பொலிஸார் அறைக்கு வந்து, நீங்கள் ஏன் வன்னிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். தாயைக் கூட்டிவர என்றேன். நம்பினார்களா, தெரியாது. மறுநாள் வேலைக்குப் போய், நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வேறென்ன செய்வது அக்கா?

நடந்ததை அம்மா இங்கு வந்த பிறகுதான் சொன்னார். "எனக்குக் கஞ்சி வாங்கப் போனவள். வரிசையில செல் விழுந்து வெடிச்சது. பக்கத்துப் பெடியங்கள்தான் குழி வெட்டினவங்கள். நான் ஒரு பிடி மண் போட்டன். பிறகு எல்லாரும் ஓடினம்."



போன கிழமை நெஞ்சு வருத்தத்துக்காக அவரை அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். ஹுன்னஸ்கிரிய ஊர் நேர்ஸ் பிள்ளையொன்று கணினியில் பார்த்துவிட்டு, "ஈசிஜி மெசின் அடுத்த வாட்டுல இருக்கும்மா, கொண்டாறேன்" என்று எழுந்து போனாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதுவோ பிள்ளை அவள் செய்த வேலை?"

"ஆமாங்கம்மா."

பிறகும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கிடக்கும் இடத்துக்குப் போக இன்னும் யாரையும் விடுகிறார்கள் இல்லை. ஒரு பனையும் உடைந்த கிணறும் அடையாளம் என்கிறார் அம்மா. விடுகிற நாளில் அவரைக் கைபிடித்துக் கூட்டி வருவேன். அதுவரை அவர் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
மடுல்கெல்ல செல்வி