படலைக்குள் ஓர் அடுப்பு

கண்டி
4.6.1934

அன்புள்ள ஸுலைஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் கடையும் நலம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் அடுப்பு மூடிக்கு வாஷர், வாஷர், வாஷர்! எனக்கு இங்கே வேறு வேலையே இல்லையா? நம் தெருவில் பம்ப் அடுப்பு இருக்கும் ஒரே வீடு நம்முடையது. அதை வைத்துக்கொள்ளத் தெரியாமல் அழுகிறாய்.

மறுபடியும் சொல்கிறேன். எரியும்போது மண்ணெண்ணெய் ஊற்றாதே, ஆறவிட்டு ஊற்று. அளவுக்கு மேல் பம்ப் அடிக்காதே. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். பற்றினால் உடனே ஊற்று. மூடியில் கசிந்தால் துடைத்துக்கொள். அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன்.

தகரக்காரன் செல்லப்பாவை அழைக்காதே. அடுப்பைக் கடைத்தெருவுக்கு அனுப்பி என் மானத்தையும் வாங்காதே. நான் இல்லாத வீட்டில் எந்த ஆணும் வாசல் படலை தாண்டக்கூடாது.

மகள் றமீலாவுக்கு முத்தம்.

தாஸிம்

கலகெதர
13.6.1934

றமீலாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். எழுத்து கோணலாக இருக்கிறதென்று எரிந்து விழாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது.

உங்கள் சட்டம் ஒன்றையும் நான் மீறவில்லை. ஆறவிட்டுத்தான் ஊற்றினேன். துடைத்துத்தான் பற்றவைத்தேன். பம்ப் அடித்ததும் மூடியடியில் கசிந்து குப்பென்று பிடித்தது. நீங்கள் சொன்னபடியே வாளித் தண்ணீரை ஊற்றினேன். தீ எண்ணெயோடு தரையில் ஓடி, பிள்ளையின் காலடிக்குப் போனது. அவளைத் தள்ளிவிட்டேன். என் கை மாட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டு பளீல் நானா படலையை உடைத்துக்கொண்டு வந்தார். "தண்ணி ஊத்தாதீங்க தங்கச்சி! சாக்க நனைச்சிப் போடணும்!" என்று கத்திக்கொண்டே அவரே போட்டு அணைத்தார். அவரும் அவர் மனைவி ரபீகாவும்தான் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

உங்கள் கண்டிக் கூட்டாளிகள் புகையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நல்ல மண்ணடுப்பை இடிக்கவைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விரல்கள் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

ஸுலைஹா

கண்டி
16.6.1934

ஸுலைஹாவுக்கு,

கடிதம் கண்டு பதறிப்போனேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. பளீல் உள்ளே வந்தபோது உன் தலையில் முக்காடு இருந்ததா? ரபீகா ஏன் முதலில் வரவில்லை? டாக்டரிடம் போகும்போது யாரெல்லாம் பார்த்தார்கள்? இங்கே இரண்டு பேர் என்னிடம் விசாரித்துவிட்டார்கள். கடையில் தலை நிமிர முடியவில்லை.

வாஷர் இத்துடன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வருகிறேன்.

தாஸிம்

கலகெதர
19.6.1934

தாஸிம் அவர்களுக்கு,

முக்காடு எரிந்துகொண்டிருந்தது. அதனால் தலையில் இல்லை.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி தேடினேன். இல்லை.

நேற்று அடுப்பை இடது கையில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில் கடைத்தெரு வழியே செல்லப்பாவிடம் நானே போனேன். எல்லோரும் பார்த்தார்கள். என் கையைப் பார்த்துவிட்டு அந்த மனிதர், "இத மொதல்லயே கொண்டு வந்திருக்கலாமே தாயி" என்றார். ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் வாஷர் மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை. உங்கள் வாஷரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

மண்ணடுப்பும் மறுபடி போட்டாயிற்று. மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இது என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. வெள்ளிக்கிழமை வந்தால் படலைக்கு வெளியே நின்று பிள்ளையைப் பாருங்கள். எந்த ஆணும் அதைத் தாண்டக்கூடாது என்று எழுதியவர் நீங்கள்தான்.

ஸுலைஹா