ரேஸ் நாளுக்கான தொப்பி

குடியாத்தம்
18.12.1991

அன்புள்ள தமயந்திக்கு,

நானும் லாவண்யாவும் அண்ணன் வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். காதுக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது. காவிரி கலாட்டா என்று பீன்யாவில் கம்பெனியை மத்தியானமே மூடிவிட்டார்கள். பஸ் கிடையாது. நடந்து வரும்போது ஒரு கும்பல் நிறுத்தியது. பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் கன்னடத்தில்தான் பதில் சொன்னேன். இத்தனை வருஷமாகப் பேசுகிற கன்னடம், ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் ஒருவன் விளையாட்டுப் போலச் சட்டையைப் பிடித்து முறுக்கினான். "ஐயோ, உடுங்கண்ணா" என்று வாயில் தமிழ் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு பால் வண்டிக்காரர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈஜிபுராவில் நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அவரும் கன்னடக்காரர்தான். கீழ்வீட்டு எல்லம்மா ரத்தத்தைத் துடைத்துவிட்டார். நம் ஊர்ப் பச்சைமுத்துவின் லாரி ஓசூருக்குக் கிளம்புகிறது என்றார்கள். நீ தொப்பி தைக்கிற மேடம் வீட்டுக்கு போன் போட்டேன். "கையில இருக்கறத வெச்சுட்டு வரேன்" என்றாய். மடிவாளாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லாரியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்ட ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினோம்.

நீ வரவில்லை. கையில் இருந்த தொப்பியை முடித்தாயா?

வீட்டைப் பூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வா.

எத்திராஜ்


பெங்களூர்
24.12.1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தமயந்தி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. தையல் பிரித்தாகிவிட்டதா? தலை சுற்றுகிறதா? லாவண்யாவுக்கு ராத்திரி கால் வலி வரும், தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள் அக்காவிடம்.

மாமா, அன்றைக்குக் கையில் இருந்தது ஊசி. ஊசியை வைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன். கேட் வரைக்கும் ஓடினேன். ஷோபா மேடம் குறுக்கே நின்றுகொண்டார். "உன் கழுத்துல இருக்கற தாலி ஒண்ணு போதும், யாருன்னு தெரிஞ்சிரும். நான் விட மாட்டேன்" என்றார். அவருடைய வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வழி பார்க்கப் போனார். அல்சூர் தாண்ட முடியவில்லை, டயர் எரிகிறது என்று திரும்பி வந்தார். பிறகு கர்ஃப்யூ போட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டு ஹாலில், தொப்பி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் கிடந்தேன்.

நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஓனர் கோவிந்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்களிடம், "இது என் வீடு. உள்ள இருக்கறவங்களும் என் வீட்டு மனுஷங்கதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். ஜனவரியில் பெரிய குதிரை ரேஸ். அங்கே பெண்களுக்குத் தொப்பிப் போட்டி உண்டு. ஒரு பெரிய வீட்டு அம்மாவுக்குச் சந்தன நிறத்தில் அகல விளிம்புத் தொப்பி செய்கிறோம். மேடம் என்னை நம்பி முழுவதையும் கொடுத்திருக்கிறார். சாட்டின் துணியை இதழ் இதழாக வெட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் ஓரத்தைக் காட்டினால் தானாகச் சுருண்டு ரோஜா இதழ் மாதிரி வரும். கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் கருகிவிடும். இப்போதெல்லாம் நெருப்பைப் பார்த்தாலே அன்றைய டயர் வாசனை வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
தமயந்தி


குடியாத்தம்
30.12.1991

தமயந்திக்கு,

தையல் பிரித்தாயிற்று.

நீ எழுதியதை நம்புகிறேன். அன்றைக்கு வர முடியவில்லை, சரி. அதற்குப் பிறகு? ரோடு திறந்து எத்தனை நாள் ஆகிறது? ஓசூர் பஸ் ஓடுகிறதே, எல்லோரும் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள்? அண்ணி வெளிப்படையாகவே கேட்கிறார், "புருஷன் மண்டை ஒடஞ்சு கெடக்கறான், அவ அங்க தொப்பிக்குப் பூ வெக்கறாளா?" என்று. நான் என்ன பதில் சொல்வது?

ரேஸ் பார்க்கப் போகிற பெண்களின் தலையை அழகு பண்ணுகிறாயே, அவர்களில் ஒருத்திக்காவது நீ யார் என்று தெரியுமா? அந்த வீட்டில் நீ தமிழில் வாய் திறக்க முடியுமா? யோசித்துப் பார்.

அண்ணன் எனக்கு இங்கே ஒரு தோல் மண்டியில் வேலை கேட்டிருக்கிறார். லாவண்யாவை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன். பொங்கலுக்கு முன்னால் வந்துவிடு. இதற்கு மேல் நான் எழுதுவது நன்றாக இருக்காது.

எத்திராஜ்


பெங்களூர்
7.1.1992

அன்புள்ள மாமாவுக்கு,

தொப்பிக்குப் பூ வைக்கிறாளா என்று அக்கா கேட்டது சரிதான். என்னையே நான் கேட்டுக்கொள்கிற கேள்விதான்.

நேற்று அந்தப் பெரிய வீட்டு அம்மா அளவு பார்க்க வந்திருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, பின்னால் நின்று விளிம்பில் பூக்களை ஊசி குத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேடத்திடம் பேசிக்கொண்டே இருந்தார். "ஊரு இப்பதான் அமைதியா இருக்கு. அந்த ஜனங்க பாதி போயாச்சு, மீதியும் போனா நல்லது" என்றார். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தார் மாமா. வெயில் அடிக்கிறது, குளிர் விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்து, "நிந்து யாவ ஊரம்மா?" என்று என் ஊரைக் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம், "இவ கோலார் பக்கம்" என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. "ஆமா" என்றும் சொல்லவில்லை. குனிந்து ரிப்பனைச் சரிசெய்தேன்.

அவர் போன பிறகு மேடத்தைக் கேட்டேன். "உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன்" என்றார். அதுவும் உண்மைதான். என்னைக் கேட்டைத் தாண்ட விடாமல் தடுத்தவர் அவர்தானே. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அடிபட்டபோது வாயில் தமிழ் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். என் சட்டையை யாரும் முறுக்கவில்லை. ஆனாலும் தமிழ்க்காரி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது கிளம்பி வந்தால், கோலார் பக்கத்துக்காரி ஒருத்தி தொப்பி கட்டிவிட்டுப் போனாள் என்றுதான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். லாவண்யாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். குழந்தையை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

தமயந்தி


குடியாத்தம்
16.1.1992

தமயந்திக்கு,

பொங்கல் போயிற்று. நீ வரவில்லை. அண்ணி உனக்கென்று எடுத்து வைத்த புடவையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

லாவண்யாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். சேர்க்காமலே திரும்பிவிட்டேன். காரணம் சொல்கிறேன். எல்லம்மாவிடம் கேட்பது போலவே இங்கே தெருவிலும், "நீரு கொடி" என்று தண்ணீர் கேட்டிருக்கிறாள். தெருப் பிள்ளைகள் அவளைக் "கன்னடக்காரி, கன்னடக்காரி" என்று துரத்திக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "நான் யாருப்பா?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பெங்களூருக்கு ஒருமுறை கிளம்பினேன், உன்னைக் கூட்டி வரலாம் என்று. பஸ் நிலையத்தில் இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பீடி வாங்க வந்த வியாபாரிகள். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்துவிட்டேன். அண்ணனிடம் பஸ் போய்விட்டது என்று சொன்னேன்.

நான் அந்த ஊருக்கு வர மாட்டேன் தமயந்தி. வர முடியாது. அங்கே இருப்பதா, இங்கே வருவதா, நீயே சொல்.

எத்திராஜ்


பெங்களூர்
29.1.1992

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்ததற்காக உங்களை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் சொல்லவே மாட்டேன்.

அந்தத் தொப்பிக்குப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. நேற்று அந்த அம்மா இனிப்பு டப்பாவும் கூட இரண்டு சிநேகிதிகளுமாக வந்தார். அவர்களுக்கும் தொப்பி வேண்டுமாம். "இதைக் கட்டின கை எது?" என்று கேட்டார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோலார்ல இவ்வளவு நல்லா யாரு கத்துக்கொடுத்தாங்க?" என்றார்.

கன்னடத்தில்தான் சொன்னேன் மாமா. "நான் கோலார் இல்லம்மா. தமிழ்க்காரி. ஈஜிபுராவுல இருக்கேன். அன்னைக்குப் பீன்யாவுல எங்க வீட்டுக்காரரை அடிச்சாங்க. அவரு எங்க குழந்தையோட ஊருக்குப் போயிட்டாரு. நீங்க சொன்ன பாதி ஜனத்துல அவங்களும் இருக்காங்க" என்றேன்.

என் கையை விட்டுவிட்டார். இனிப்பு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "எங்க டிரைவர் சுப்ரமணியும் அப்படித்தான் போனான். இன்னும் வரலை" என்றார். வருத்தமா, கோபமா, எனக்குப் புரியவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சிநேகிதிகள் அளவு கொடுக்காமலேயே எழுந்து போய்விட்டார்கள்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் சொன்னே? சீசனே போச்சு" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாமா என்று கேட்டேன். சிதறிக் கிடந்த ரிப்பன்களைச் சுற்றி எடுத்து வைத்தார். பிறகு, "ஈஸ்டருக்குச் சர்ச் தொப்பிங்க இருக்கு. யாரு கட்டுவா?" என்றார்.

நான் இங்கேதான் இருப்பேன் மாமா. ஆனால் லாவண்யா இல்லாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை குடியாத்தம் வருகிறேன், ஞாயிறு ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். நீங்கள் வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். மாதம் ஒருமுறை அவளுடன் நான் அங்கே வருகிறேன். உங்கள் அண்ணனும் அக்காவும் ஏசினால் ஏசட்டும், கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் குழந்தையைத் தடுக்காதீர்கள்.

உங்கள்
தமயந்தி


குடியாத்தம்
31.1.1992

தமயந்தி,

பச்சைமுத்து இன்று பெங்களூர் போகிறான். தபாலை நம்பாமல் இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணன் குழந்தையை அனுப்பாதே என்கிறார். நான் அனுப்புகிறேன். அவளுடைய துணிகளை மடித்து வைத்தாயிற்று. அம்மாவிடம் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் தண்ணீர் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில் நீ அப்படிச் சொன்னதைப் படித்தபோது முதலில் பயந்துவிட்டேன். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உங்களோடு ரயில் ஏறுகிறேன். கர்நாடக எல்லைக்குள் பங்காருப்பேட்டை வரைக்கும் வருவேன். அங்கே இறங்கி, பிளாட்பாரத்தில் கன்னடம் பேசுகிறவர்கள் நடுவில் நின்று ஒரு டீ குடித்துப் பார்க்கிறேன். மிச்சம் வைக்காமல் குடிக்க முடிந்தால் அடுத்த ரயிலில் வந்து சேர்கிறேன். முடியாவிட்டால் இங்கே திரும்பிவிடுவேன். எது நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

நான் இறங்கும்போது ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிடாதே, கூப்பிட்டால் டீ குடித்துப் பார்க்காமலே ஏறிவிடுவேன். குழந்தையையும் கூப்பிட விடாதே.

எத்திராஜ்